வேடியப்பனும் வைட்ஹெட்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பயணக் குறிப்புகள்

வியாழன், தருமபுரி

தொப்பூர் கணவாயில் லாரிகள் திணறித் திணறி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தருமபுரி வந்து சேர்ந்தேன். நண்பன் ஓசூரிலிருந்து பைக்கில் வந்து காத்திருந்தான். பாலக்கோட்டுக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே ஒரு கிராமம் அவனுக்குச் சொந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாரதத் திருவிழாவின் படுகளம், கூத்தில் துரியோதனன் விழுகிற நாள். "வந்து பாரு, அப்புறம் உன் தத்துவத்தைப் பேசு" என்று கூப்பிட்டிருந்தான்.

என் தத்துவம் என்று அவன் கேலி செய்வது ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டை. பிறந்தது 1861-ல், இங்கிலாந்தில். அடிப்படையில் கணிதக்காரர். பெர்ட்ரண்ட் ரசலோடு சேர்ந்து கணிதத்தின் அடித்தளம் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதிவிட்டு, 63 வயதில் அமெரிக்காவுக்குப் போய் ஹார்வர்டில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். உலகம் பொருள்களால் ஆனது என்று நினைக்கிறோம், உண்மையில் அது நிகழ்வுகளால் ஆனது என்பது அவர் கட்சி. நிகழ்முறைத் தத்துவம் என்று இதைச் சொல்கிறார்கள். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் என்று சொல்ல ஒரு ஹார்வர்டு பேராசிரியர் தேவையில்லை, பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரே சொல்லுவார். எனக்கு அவரிடம் பிடித்தது அதற்கு அடுத்த கேள்வி. எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தால், சில விஷயங்கள் மட்டும் எப்படி அப்படியே நிற்கின்றன? நிற்க வைப்பது யார், எது?

சாப்பிட்டுவிட்டு நடுகற்கள் பார்க்கப் போனோம். இந்த ஊர்தான் பழைய தகடூர், அதியமானின் ஊர். மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்த நடுகற்களில் பலவற்றை இங்கே கொண்டுவந்து அகழ்வைப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இடுப்பு உயரப் பலகைக்கல் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வீரன் நடக்கிற நடையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறான். ஒரு கையில் வில், இன்னொன்றில் குறுவாள். மார்பில் ஓர் அம்பு தைத்திருக்கிறது, தொடையில் இன்னொன்று. மூக்கு தேய்ந்துபோய்விட்டது, ஆனால் இடுப்பில் கச்சை முடிச்சு இன்னும் தெளிவாக இருக்கிறது. தலைக்கு மேல் வட்டெழுத்து. இந்தக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே செய்திதான்: தொறு மீட்டுப் பட்டான். மாட்டு மந்தையை ஓட்டிப் போனவர்களிடமிருந்து மீட்கப் போய்ச் செத்தான், இது அவன் கல்.

வைட்ஹெட்டுக்கும் ஒரு கல் உண்டு. லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கும் 'கிளியோபாத்ராவின் ஊசி'. எகிப்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய தூண், 1878-ல் லண்டனில் நட்டார்கள். 1919-ல் கேம்பிரிட்ஜில் பேசிய உரையில் இதை எடுத்துக்கொள்கிறார். அசையாத பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஆனால் இதுவும் ஒரு நிகழ்வுதான் என்கிறார். இயற்பியல்காரர் பார்த்தால் தினமும் சில மூலக்கூறுகளை இழக்கிறது, சிலவற்றைச் சேர்க்கிறது. படிக்காதவர் பார்த்தாலும் அது அழுக்காகிறது, எப்போதாவது கழுவுகிறார்கள் என்பது தெரியும். அந்தக் கழுவுகிற விஷயத்தைத் தத்துவ உரையில் சேர்த்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது.

இங்கே கழுவுவதோடு விடுவதில்லை. அகழ்வைப்பகத்துக்கு வராமல் ஊர்களிலேயே நிற்கும் நடுகற்களுக்கு இந்தப் பக்கம் வேடியப்பன் என்று பெயர். மாலையில் நண்பன் ஒரு வேடியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனான். புளியமரத்தடி, சுற்றி நாலு கல், கூரை கிடையாது. எண்ணெய் ஏறி ஏறிக் கல் கறுத்துப் பளபளவென்று இருந்தது. மஞ்சளும் குங்குமமும் அப்பியதில் வில்லைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. எழுத்து இருந்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வெற்றிலைப் பாக்கு வைத்துக்கொண்டிருந்த ஆயா, "எங்க பெரிய பையன் பேரும் வேடிதான்" என்றார். தெருவுக்கு ஒரு வேடி, ஒரு வேடியப்பன் இந்தப் பக்கம் இருப்பார்கள்.

அதியமான் இறந்தபோது ஔவை பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்களே, மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அன்றைக்குப் பீலியும் கள்ளும், இன்றைக்கு எண்ணெயும் மஞ்சளும். படையல் மாறியிருக்கிறது, படைப்பது நிற்கவில்லை. அகழ்வைப்பகத்துக் கல் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டது, ஆனால் அதற்கு யாரும் பேர் வைப்பதில்லை. ஊர்க்கல் எழுத்தை இழந்தது, பிள்ளைகளின் பேராக நடமாடுகிறது. இரண்டில் எது நடுகல்லாக நீடிக்கிறது என்று கேட்டால் ஊர்க்கல் பக்கம்தான் நான் கை தூக்குவேன். தொல்லியல்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

இரவு விடுதியில் ஒன்று நினைவுக்கு வந்தது. வைட்ஹெட்டின் இளைய மகன் எரிக் முதல் உலகப்போரில் விமானப்படையில் இருந்தான். 1918 மார்ச்சில் பிரான்சில் வானிலேயே கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு வைட்ஹெட் இயற்கை அறிவின் அடிப்படைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெளி, காலம், நிகழ்வு என்று முழுக்கக் கணிதமும் இயற்பியலும். அதன் முதல் பக்கத்தில் மகனின் பெயர், எந்தப் படை, எங்கே பட்டான், எந்த நாள். தொறு என்ற சொல் ஒன்றுதான் குறை.

வெள்ளி, ஒகேனக்கல்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கடைசி இறக்கத்தில் குரங்குகள் சாலையை ஆள்கின்றன.

பரிசல் கிடையாது. மேலே கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு போகிறது. பரிசல்களெல்லாம் கரையில் கவிழ்த்து வைத்திருந்தன. ஒருவர் தன் பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றோம்.

"எவ்வளவு நாளா இருக்கு அண்ணே இந்தப் பரிசல்?"

"இதுவா, அது ஆச்சு எட்டு வருசம்."

"மூங்கில் எட்டு வருசம் தாங்குமா?"

"மூங்கில் போன வருசம் பின்னுனது சார். பிளாஸ்டிக் ஷீட்டு இந்த வருசம் போட்டது."

"அப்ப எட்டு வருசம் எது?"

கொஞ்சம் யோசித்தார். பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைத் தார்க் கையால் காட்டினார். "நம்பர்தான்."

கிரேக்கர்களிடம் பலகை பலகையாக மாற்றிய ஒரு கப்பல் கதை உண்டு. அதை வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இவரிடம் கேட்டிருக்கலாம். உரிம எண், அதைப் புதுப்பிக்கிற ஆள், ஆண்டுதோறும் பின்னுகிற கை. மூன்றும் இருக்கிறவரை பரிசல் அதே பரிசல்தான். வைட்ஹெட் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். நிலைத்த பொருள் என்று நாம் பார்ப்பது, ஒரே அச்சை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வரிசையாக நடக்கும் நிகழ்வுகள். அந்த வரிசைக்கு அவர் 'சமூகம்' என்றே பெயர் வைத்தார். கல்லும் ஒரு சமூகம், பரிசலும் ஒரு சமூகம்.

தொங்குபாலத்திலிருந்து பார்த்தால் பாறைக்குக் கீழே ஒரு சுழல். ஒரு குச்சி அதற்குள் போய் மூன்று சுற்று சுற்றிவிட்டு வெளியே போனது. அடுத்து ஒரு பிளாஸ்டிக் புட்டி, அதுவும் அப்படியே. தண்ணீர் ஒவ்வொரு நொடியும் வேறு, சுழல் மட்டும் அங்கேயே. ஆற்றை நிறுத்தினால் சுழல் செத்துவிடும். இந்த மாதிரி ஓட்டத்தால் மட்டுமே நிற்கக்கூடிய ஒழுங்குகளை வேதியியலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இலியா பிரிகோஜின். 1977-ல் நோபல் பரிசு. அடியில் சூடேற்றிய மெல்லிய திரவத்தில் தானாகவே அறுகோணக் கட்டங்கள் எழும்புகின்றன, சூடு நின்றால் கலைந்துவிடுகின்றன. சமநிலைக்கு வெகுதூரத்தில்தான் இந்த ஒழுங்கு சாத்தியம் என்றார். இசபெல் ஸ்டெங்கர்ஸோடு சேர்ந்து எழுதிய நூலில் வைட்ஹெட்டையும் பேச்சுக்கு இழுக்கிறார்.

வறுத்த மீன் கடையில் உட்கார்ந்தபோது டிவியில் ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு இத்தனை கன அடி. இங்கிருந்து மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய தண்ணீர் அங்கேதான் கணக்காகிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது. அதற்கு முன் காவிரி நடுவர் மன்றம் சொன்னது 192. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடவேண்டும்.

வைட்ஹெட் 1925-ல் ஒரு பிழையைப் பேர் சொல்லி அடையாளம் காட்டினார். ஒரு விஷயத்திலிருந்து நம் வசதிக்காக உருவி எடுத்த ஓர் அம்சத்தையே அந்த விஷயம் என்று எடுத்துக்கொள்ளும் பிழை. காவிரியைப் பற்றி நாம் செய்தித்தாளில் படிப்பதெல்லாம் இப்படி உருவி எடுத்ததுதான். டிஎம்சியில் வண்டல் இல்லை, மீன் இல்லை, எந்த மாதத்தில் வந்தது என்பதுகூட இன்னொரு கணக்கு. ஆனால் இதைச் சொல்லி எண்ணை இளக்காரம் செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எண் இல்லாவிட்டால் கடைமடை விவசாயி எதை வைத்து வழக்குப் போடுவார்? வைட்ஹெட்டும் கணிதக்காரர்தான். உருவாதே என்று அவர் சொல்லவில்லை, உருவும்போது எதை விட்டோம் என்று ஒரு கண் வைத்திரு என்றார்.

திரும்பும் வழியில் பென்னாகரத்தில் டீ. நண்பன் சிரிக்கும்போது முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் தெரியும். கல்லூரியில் எல்லாரும் வெற்றிலை என்று நினைத்தோம். அவன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அது. இந்த மாவட்டங்களின் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. கால்சியம் குறைந்த, காரத்தன்மை கொண்ட நிலத்தடி நீரில் அது எளிதாகக் கரைகிறது, பாறையோடு நீண்ட காலம் கிடந்த தண்ணீரில் இன்னும் அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. தாண்டிய தண்ணீரைக் குழந்தை குடித்து வளர்ந்தால், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் சரியாகக் கெட்டிப்படாமல் போகிறது. வெளியே வரும்போதே குறையோடு வருகிறது, பழுப்பு பிறகு ஏறுகிறது.

"என் பொண்ணுக்கு இல்லடா. அவ பொறந்து கொஞ்ச நாள்ல ஒகேனக்கல் தண்ணி வந்துடுச்சு" என்றான். ஜப்பான் கடனுதவியோடு போட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-ல் திறந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரியைக் குழாயில் கொண்டுபோகிறது. பிள்ளை பெங்களூர்ப் பள்ளியில் ஏழாவது, பற்கள் பளீரென்று இருக்கும்.

ஒரு பொருள் இருக்க அதைத் தவிர வேறெதுவும் தேவையில்லை என்றால் அதுதான் உண்மையான பொருள் என்று பிரெஞ்சுத் தத்துவக்காரர் டெகார்ட் இலக்கணம் சொன்னார். கண்டிப்பாகச் சொன்னால் கடவுள் ஒருவர்தான் அதில் தேறுவார் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். வைட்ஹெட் இதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி இருப்பதைப் பற்றிப் பிடித்து உள்ளே இழுத்துத்தான் தானாக ஆகிறது. 'பற்றுதல்' என்பது அவர் தத்துவத்தின் மையச் சொல். படிக்கும்போது மூளைக்கு வேலை வைக்கும் பக்கங்கள் அவை. நண்பன் பல்லைப் பார்த்தால் பக்கங்கள் தேவையில்லை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை தண்ணீராகி, ஒரு பையனின் சிரிப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவன் மகள் சிரிப்பில் குடகு மலை மழை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ருடால்ஃப் ஷோன்ஹைமர் என்ற ஜெர்மன் யூத விஞ்ஞானி, ஹிட்லர் வந்ததும் நியூயார்க்குக்குப் போனவர், 1930-களில் எலிகளுக்கு அடையாளமிட்ட நைட்ரஜன் சேர்த்த உணவைக் கொடுத்தார். வளர்ந்த எலி, எடை கூடவில்லை. சாப்பிட்டது எரிந்து வெளியே போய்விடும் என்பதுதான் அதுவரை பாடம். பாதிக்கு மேல் நைட்ரஜன் தசைகளிலும் உறுப்புகளிலும் போய் உட்கார்ந்திருந்தது, பழையது கழன்று வெளியே போயிருந்தது. உடம்பு அப்படியே இருப்பதாகத் தெரிகிறதே, அது ஓயாமல் தன்னை மாற்றிக்கட்டுவதால்தான் அப்படி இருக்கிறது. எனாமல் இதில் விதிவிலக்கு. ஒருமுறை உருவானபின் அதைக் கட்டிய செல்களே இருப்பதில்லை, பிறகு யாரும் அங்கே வேலைக்கு வருவதில்லை. அதனால்தான் எனாமலில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து ஒருவர் பிறந்த ஆண்டை மதிப்பிட முடிகிறது, நண்பனின் பட்டையும் போகாது.

சனி, சந்தூர்

கிருஷ்ணகிரி போகும் வழியில் ஒரு கிரானைட் பட்டறையில் நின்றோம். அறுத்த பலகையில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக வளைந்து நெளிந்த வரிகள். பூமிக்கு அடியில் பாதி உருகி, பாதி உருகாமல் பிசைந்துகொண்டு ஓடிய பாறை, ஓடுகிறபடியே இறுகிவிட்டது. யாரோ ஒருவர் வீட்டுச் சமையல் மேடைக்குப் போகிறது.

சந்தூரில்தான் அதிக நேரம். போச்சம்பள்ளிப் பக்கம் இந்த வட்டாரம் முழுக்க மாங்கன்று நர்சரிகள். பச்சை நிழல்வலைக்கு அடியில் பாலித்தீன் பைகளில் கன்றுகள், கண்ணுக்கெட்டியவரை. ஒட்டுக் கட்டும் பெண்கள் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அக்காவிடம் அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாங்கொட்டை முளைத்த சின்னக் கன்று ஒன்றை எடுக்கிறார். பிளேடால் தலையைச் சீவுகிறார். தண்டின் நடுவில் ஒரு விரல்கடை ஆழத்துக்குப் பிளவு. ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த தாய்மரத்துக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்குகிறார். செருகுகிறார். கட்டைவிரலால் ஒரு பக்கம் பட்டையும் பட்டையும் சேர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார், அதற்கு மட்டும் அரை நொடி நிற்கிறார். பிறகு பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலே இழுத்துச் சுற்றி ஒரு முடிச்சு. மேலே ஒரு பிளாஸ்டிக் குல்லாய். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. நான் கேள்வி கேட்டதால்தான் தாமதம்.

"ஒரு பக்கம் சேந்தா போதுமா அக்கா?"

"ஒரு பக்கம் நல்லா சேரணும். ரெண்டு பக்கமும் அரைகுறையா இருந்தா பட்டுப்போயிடும்."

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வளரும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. இரண்டு செடிகளின் படலமும் தொட்டுக்கொண்டால் செல்கள் பெருகி இடைவெளியை நிரப்பி, நீர்க்குழாய்களை இணைத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் மேலே துளிர்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது பெங்களூரா. வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு மாங்காய். இந்த மாவட்டத்தில் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போவது பெரும்பாலும் அதுதான். கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் அதே பழம் வராது, மகரந்தம் எங்கிருந்து வந்ததோ யாருக்குத் தெரியும். அதனால் உலகத்தில் உள்ள ஒவ்வொரு பெங்களூரா மரமும் இன்னொரு பெங்களூரா மரத்தின் குச்சி. அந்த மரம் இன்னொன்றின் குச்சி. முதல் மரம் எப்போதோ பட்டுப்போயிருக்கும். பின்னே பெங்களூரா என்பது என்ன, எங்கே இருக்கிறது? இந்த அக்காவைப் போன்றவர்களின் கட்டைவிரலில் ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் அது இல்லாமல் போய்விடும். ஒரு மரத்தைப் பாதுகாப்பது என்றால் வேலி போடுவது என்று நினைப்போம். இங்கே வெட்டி வெட்டித்தான் பாதுகாக்கிறார்கள்.

வைட்ஹெட்டைப் படித்து உயிரியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கான்ராட் வாடிங்டன். 1905-ல் பிறந்தவர், குழந்தையாக இருந்தபோது அப்பா வயநாட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்ததால் முதல் சில ஆண்டுகள் இந்தியாவில்தான். மரபணு ஒருபக்கம், உடம்பு ஒருபக்கம் என்று பிரித்துப் பார்க்காமல், கரு வளர்வதையே ஒரு பாதையாகப் பார்த்தார். கருவின் செல் மலைச்சரிவில் உருளும் பந்து மாதிரி, எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குகிறதோ அந்த உறுப்பாகிறது. மரபணுக்கள் எப்படி உடம்பாக விரிகின்றன என்று பார்க்கும் துறைக்கு எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லை 1942-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இப்போது உயிரியல் தத்துவக்காரர்களில் ஒரு கூட்டம், உயிரியைப் பொருளாகப் பார்ப்பதை விட்டு நிகழ்முறையாகப் பார்க்கவேண்டும் என்று பேசுகிறது. ஜான் டூப்ரேயும் டேனியல் நிக்கல்சனும் 2018-ல் கொண்டுவந்த தொகுப்பு இதற்கு ஒரு நல்ல தொடக்கம். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை, சிவப்பணு 120 நாளுக்கு ஒருமுறை மாறுகிற உடம்பை வேறெப்படிப் பார்ப்பது?

இரவு கிருஷ்ணகிரியில் மழை. ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு விடுதியில் சண்டை. வைட்ஹெட் ஒரு படி மேலே போய், எல்லா நிகழ்வுக்கும், எலக்ட்ரான் மட்டத்திலும்கூட, ஏதோ ஒரு வகை அனுபவம் உண்டு என்கிறார். உணர்வு அல்ல, அதற்கும் கீழான ஒன்று.

"கல்லுக்கு அனுபவமா?" நண்பன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

கல் வெறும் கூட்டம், அதற்கு மொத்தமாக அனுபவம் கிடையாது, உள்ளே நடக்கும் சின்னச் சின்ன நிகழ்வுகளுக்குத்தான் என்று அவர் தரப்பை எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் ஒட்டவில்லை. மனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, அடியிலேயே கொஞ்சம் போட்டு வைத்துவிட்டால் பதில் சுலபமாகிவிடுகிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில் நான் அவரோடு இல்லை.

தன் சிந்தனை மேற்கத்திய மரபைவிட இந்திய, சீன மரபுகளின் சில போக்குகளுக்கு நெருங்கி வருவதாக 1929-ல் வந்த தன் பெருநூலில் அவரே எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் அந்த ஒரு வரியை மேடைதோறும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். எழுதிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. நெருக்கம் இருப்பது உண்மை. மணிமேகலையில் பேதைமை சார்வாகச் செய்கை, செய்கை சார்வாக உணர்ச்சி என்று பன்னிரண்டு கண்ணிகள் ஒன்றைச் சார்ந்து ஒன்று வரும். அங்கே தனியாக நிற்கும் பொருளும் இல்லை, ஆன்மாவும் இல்லை. ஆனால் பௌத்தர்கள் அந்தச் சங்கிலியை விவரித்தது அதை அறுக்க. வைட்ஹெட்டுக்கு அது புதுமை பிறக்கும் இடம், கொண்டாட வேண்டியது. ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் கிளம்புகிறார்கள்.

ஞாயிறு, படுகளம்

விடியும் முன்பே ஊர் விழித்திருந்தது. பதினெட்டாம் போர் கூத்து இரவு முழுக்க நடந்து, வேஷம் கலைக்காமலேயே திடலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் துரியோதனன் மல்லாந்து கிடந்தான், முழுக்க மண். தலையிலிருந்து காலுக்கு நடக்க வேண்டியிருந்தது. மஞ்சளும் சிவப்பும் பூசிய முகம், தேங்காய் அளவு கண்விழி, மேல்நோக்கி முறுக்கிய கறுப்பு மீசை. வலது தொடையில் மட்டும் மண் கொஞ்சம் தளர்வாக, ஈரமாக இருந்தது. பீமன் அடிக்கப்போகிற இடம்.

மண் வேலை செய்தவர் ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி மழையில் ஒரு காது கரைந்து, காலையில் மறுபடி பிடித்து வைத்தாராம். அளவு, வரைபடம் ஒன்றும் கிடையாது. இவர் அப்பா செய்ததைப் பார்த்து இவர், இவரைப் பார்த்துத் தம்பி மகன். பக்கத்தில் ஒரு பெரியவர், "மீசை போன வருசம் மாதிரி வரலப்பா" என்றார். "போன வருசமும் இதையேதான் மாமா சொன்னீங்க" என்றார் இவர்.

முகவீணை கீச்சிட, தவில் வேகம் பிடித்தது. பீமனும் துரியோதனனும் மண் உடலைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். துரியோதனன் வேஷக்காரருக்குக் குரல் போய்விட்டது, பாட்டு காற்றாகத்தான் வந்தது, கூட்டமே வரியை எடுத்துக்கொடுத்தது. நீளமே இல்லாத ஒரு கணத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அதில் இயற்கையே இல்லை, ஒரு ராகத்துக்குப் போலவே எதற்கும் கொஞ்சம் நேரம் தேவை என்பது வைட்ஹெட்டின் விடாப்பிடியான வாதம். அதற்கு நான் கேட்டதிலேயே சத்தமான விளக்கம் இது. தொடை உடைந்தது. குங்குமம் கரைத்த நீர் பீறிட்டது. திரௌபதி கூந்தலை முடிந்தாள். அடுத்த நிமிடமே கூட்டம் உடலின் மேல் பாய்ந்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளியது. வயலில் தூவ, குதிரில் போட. என் கால் பெருவிரலை ஒரு சிறுமி மிதித்துவிட்டு, துரியோதனன் பெருவிரலை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பத்து மணிக்கெல்லாம் திடலில் ஒரு மேடு மட்டும். சாயங்காலம் தீமிதிக்குக் கட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோயில் திண்ணையில் கணக்கு. எத்தனை தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் குடும்பம், ஆளுக்கு எவ்வளவு வரி, கூத்துக்குழுவுக்குப் பாக்கி எவ்வளவு. அங்கே ஒரு தகராறு. பெங்களூரிலும் ஓசூரிலும் போய்க் குடியேறியவர்களுக்குத் தலைக்கட்டு உண்டா? ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது, நிலத்தை விற்றுவிட்டார்கள், வரி மட்டும் எப்படி வாங்குவது என்று ஒரு கட்சி. வாங்காவிட்டால் அடுத்த வருடம் திரௌபதி வேஷத்துக்கு ஆள் பேச முடியாது என்று இன்னொரு கட்சி. "வரி வாங்கினா சாமி வீட்டு முன்னால நிக்கணும், பூட்டுன வீட்டு முன்னால யார் தட்டு எடுப்பாங்க?" என்று பூசாரி கேட்டார். அதற்கு யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் தர்மகர்த்தா, வெளியூர்க்காரர்களுக்குப் பாதி வரி, திருவிழாவுக்கு வந்து நின்றால் சாமி நிற்கும், வராத வருடம் நிற்காது என்று முடித்தார். பூசாரிக்குத் திருப்தி இல்லை.

நண்பன் பர்ஸை எடுத்தான். ரசீதுப் புத்தகம் போன வருடத்தது, ஆண்டை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். மீதி இருநூறு வரவேண்டும், சில்லறை இல்லை, அடுத்த வருசத்துக்கு வரவு வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.